கால் எட்டுதா?

ஆபீஸ்ல ஒரு தம்பி இருக்கான். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு, கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. போன மாசம் டீ குடிக்கிறப்போ மெதுவா ஆரம்பிச்சான்.

"அண்ணே, நீங்க ரொம்ப வருஷம் புல்லட் வச்சிருந்தீங்களாமே. எனக்கு ஒரு வண்டி சொல்லுங்களேன்."

வண்டி சொல்லுங்கன்னு கேக்கறவங்க எல்லாருமே ஏற்கெனவே மனசுல ஒண்ணை முடிவு பண்ணிட்டுத்தான் கேப்பாங்க. இவனும் அப்படித்தான். செல்போனை எடுத்து நீட்டினான். ஹிமாலயன் 450. பின்னாடி பனிமலை, ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு. தம்பி தினமும் போறது திருவான்மியூர்லேர்ந்து தி.நகருக்கு. சரி, ஆசைப்படறதுக்கு லடாக் போயிருக்கணும்னு சட்டமா என்ன? ஆனா அவன் உயரம் என்னைவிட ஒரு விரற்கடை கூட, அவ்வளவுதான். அடியேன் அஞ்சடி மூணு அங்குலம். (போட்டோல கொஞ்சம் கூடத் தெரிஞ்சா அது போட்டோகிராபர் செஞ்ச புண்ணியம் :-))

"கால் எட்டுதா?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் பழகிடும்ணே."

இந்த "பழகிடும்"ங்கற வார்த்தையை நம்பி நான் ஏழு வருஷம் ஓட்டினவன். அந்தக் கதையைத்தான் இப்ப கொசுவத்தி சுத்தப் போறேன்.

எங்க வீடு பட்டினப்பாக்கம். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கிழக்கே நடந்தா அஞ்சு நிமிஷத்துல கால்ல மணல் ஒட்டும். அப்பாவுக்கு சேப்பாக்கத்துல பொதுப்பணித்துறை ஆபீஸ். 1986-ல ஒரு புல்லட் வாங்கினார். கறுப்பு, டேங்க்ல தங்கக் கோடு. தினமும் காலைல சாந்தோம் வழியா பீச் ரோடைப் பிடிச்சு ஆபீஸ் போவார். அப்ப எனக்கு எட்டு வயசு. சாயங்காலம் அந்த டப் டப் சத்தம் தெருமுனையில கேட்டதும் கிரிக்கெட் மட்டையைப் போட்டுட்டு ஓடுவேன்.

அப்பாகிட்ட ஒரு ஸ்டைல் இருந்துச்சு. வண்டியை எங்க நிறுத்தினாலும் பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தி, இடது காலை மட்டும் பிளாட்பாரத்து மேல ஊன்றி நிப்பார். சிக்னல்ல அப்படித்தான், வீட்டு வாசல்ல அப்படித்தான். சினிமா ஹீரோ ஒருத்தர் எங்கப்பா உருவத்துல குறுக்கே வந்து நிக்கற மாதிரி இருக்கும் எனக்கு. நானும் சைக்கிளை அதே மாதிரி நிறுத்திப் பழகினேன்.

அப்பா 2009-ல தவறினார். வண்டி என் தலையில... இல்ல, என் பேருக்கு வந்துச்சு. படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், ஆர்.டி.ஓ. ஆபீஸ்னு அலைஞ்சு மாத்தினேன். பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டி பதிவைப் புதுப்பிக்கணும், கூடவே பசுமை வரி வேற. அதையெல்லாம் ஒரு நேர்த்திக்கடன் மாதிரி செஞ்சேன். அப்பா வண்டியாச்சே!

பழைய புல்லட்டைப் பத்தித் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோட கூட்டுச் சேர்ந்து மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்க 1955-ல என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல ஃபேக்டரி. அங்க சீமையில அந்தக் கம்பெனியே மூடிப் போச்சு, நம்ம ஊர்ல மட்டும் வண்டி நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சு. வார்ப்பிரும்பு எஞ்சின், 346 சிசி. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் 90 மில்லிமீட்டர். இந்த நீள ஓட்டத்துலதான் அந்த நிதானமான தாளம் வருது. சின்ன எஞ்சின் படபடன்னு பேசற மாதிரி பேசாது, பெரிய மனுஷன் மாதிரி ஒவ்வொரு வார்த்தையா விடும்.

ஸ்டார்ட் பண்றது ஒரு சடங்கு. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவா அமுக்கிக்கிட்டே ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்க்கணும். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சூண்டு இறக்கி, லீவரை விட்டுட்டு, கிக்கரை மேல வரவிட்டு, உடம்பு எடை மொத்தத்தையும் போட்டு ஒரே உதை. சரியாச் செஞ்சா முதல் உதையிலயே எழுந்துக்கும். அவசரப்பட்டா திருப்பி உதைக்கும். தப்பு வண்டி மேல இல்ல, அது கத்துக்க வேண்டிய வித்தை. எனக்கு வித்தை தெரியும், எடை பத்தல. அம்பத்தாறு கிலோ ஆள் கிக்கர் மேல ஏறி நின்னா, சில நாள் கிக்கர் இறங்காது, நான் மட்டும் மேல நின்னுக்கிட்டு இருப்பேன். தெருவுல பசங்க சிரிக்காத மாதிரி சிரிப்பானுங்க.

இன்னொண்ணு, அந்த வண்டிக்கு கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. முதல் கியர் மேல, மீதி மூணும் கீழ. நான் வண்டி பழகினது காலேஜ் நண்பனோட ஆர்.எக்ஸ். 100-ல. அது மத்த வண்டி மாதிரி இடது கால் கியர், வலது கால் பிரேக். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். விடிகாலை அஞ்சு மணிக்கு அடையாறு திரு.வி.க. பாலம் தாண்டி ஈ.சி.ஆர். பிடிச்சு மாமல்லபுரம் வரைக்கும் அம்பது கிலோமீட்டர் அந்த வண்டியில போயிருக்கேன் பாருங்க, அந்த சுகத்துக்கு இன்னிக்கும் ஈடு சொல்ல முடியல. அறுபதுல வச்சா போதும், வேறெதுவும் கேக்காது. நேர் ரோடு, காலியான ரோடு, ஒரு பக்கம் வெளுக்கற வானம். ஏழு வருஷத்துல அப்படிப் போனது எத்தனை தடவைன்னு எண்ணிப் பார்த்தா பதினொண்ணு.

மிச்ச நாளெல்லாம்? தி.நகருக்கு அதுல போறதில்லை. பாண்டி பஜார் நெரிசல்ல நூத்தி அறுபது கிலோவுக்கு மேல இருக்கற வண்டியைக் கட்டைவிரல் நுனியில தாங்கிக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கறது? ஒண்ணு தங்கமணியோட ஸ்கூட்டரைக் கெஞ்சி வாங்கிட்டுப் போவேன், இல்லேன்னா 12பி பஸ். புல்லட் வாசல்ல நிக்கும். கடல் காத்து அதைத் தின்னும்.

கடலோரத்துல வீடு இருக்கறவங்களுக்கு இது புரியும். காத்துல வர்ற உப்பு மெல்லிசா படியும். அந்த உப்பு ராத்திரி ஈரத்தை இழுத்துக்கும். குரோமியப் பூச்சுல கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியா உள்ள இறங்கி இரும்பைப் பிடிக்கும். மேல ஒரு ஊசிமுனைப் புள்ளி தெரியறப்போ உள்ள பெரிய வேலை முடிஞ்சிருக்கும். ஸ்போக்ஸ், ரிம், சைலன்சர், செயின், மட்கார்டு ஸ்டே... புல்லட்ல எதெல்லாம் பளபளக்குதோ அதெல்லாம் உப்புக்குப் பிடிச்ச பலகாரம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, துணியில எண்ணெய் தொட்டு ஒவ்வொரு ஸ்போக்கா தடவுவேன். மண்டவெளி மெக்கானிக் ஒருத்தர் வண்டியைப் பார்த்துட்டு, "சார், நீங்க வண்டி ஓட்டறீங்களா, குளிப்பாட்டறீங்களா?"ன்னு கேட்டார். புதுப்பேட்டைக்குப் போய் ரிம் வாங்கி மாட்டினேன், ரெண்டு மழைக்காலம் தாண்டறதுக்குள்ள மறுபடி புள்ளி.

திருவொற்றியூரும் கடலோரம்தான், பொறந்த இடத்துக் காத்து இதுக்கு ஒத்துக்க வேணாமான்னு நான் வண்டிகிட்டயே கேட்டதுண்டு.

2017-ல ஒரு ஞாயித்துக்கிழமை. அம்மா மீன் வாங்கணும்னாங்க. லூப் ரோடு பக்கம்தானே, நடந்தே போயிடலாம். நான்தான் "வண்டியில வா, எடுத்து ரொம்ப நாளாச்சு"ன்னு வற்புறுத்தி ஏத்தினேன். அம்மாவுக்கு அப்ப அறுபத்தாறு. சேலையோட ஒரு பக்கமா உட்காரணும். நான் ரெண்டு நுனிக்கால்ல நின்னுக்கிட்டு வண்டியைப் பிடிச்சிருப்பேன், அவங்க ஏறறப்போ வண்டி சாயும், நான் "மெதுவா, மெதுவா"ன்னு கத்துவேன். ஏறினதும் சீட்டுக் கம்பியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அதை நான் கவனிச்சதே இல்லைங்கறதுதான் கொடுமை.

நொச்சிக்குப்பம் தாண்டினோம். அப்பல்லாம் ரோட்டு ரெண்டு பக்கமும் மீன் கடை (2024 ஆகஸ்ட்லதான் கடைகளுக்குன்னு அங்கேயே புது மார்க்கெட் கட்டிடம் திறந்தாங்க). கூட்டத்துக்கு நடுவுல ஒரு பையன் ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கிட்டு குறுக்கே வந்துட்டான். வேகம் ஒண்ணும் இல்ல, சைக்கிள் வேகம்தான். கிளட்சைப் பிடிச்சு பிரேக்கை ஓங்கி மிதிச்சேன். வலது காலால.

வலது கால்ல இருந்தது கியர். வண்டி நிக்கறதுக்குப் பதிலா மூணாவதுலேர்ந்து நாலாவதுக்குப் போச்சு.

பதினெட்டு வயசுல கால் கத்துக்கிட்ட பாடம். ஏழு வருஷம் புல்லட் ஓட்டியும், பயந்த அந்த அரை விநாடியில கால் அதோட முதல் வாத்தியார்கிட்ட ஓடிப் போச்சு. பதட்டத்துல முன் பிரேக்கைப் பிடிச்சேன், ரோட்டுல மணல், முன் சக்கரம் வழுக்குச்சு. இடது காலை ஊன்றப் பார்த்தேன். தரை எட்டல. எட்டுனப்போ வண்டி பாதி சாஞ்சாச்சு, அந்த எடையைப் பிடிக்க என்னால முடியல. பையனுக்கு ஒண்ணும் ஆகல. அம்மா இடது பக்கம் விழுந்தாங்க.

தலையில ஹெல்மெட் இருந்துச்சு. 2015 ஜூலையில பின்னாடி உட்கார்றவங்களுக்கும் கட்டாயம்னு கோர்ட் சொன்னப்போ, "கொண்டை இடிக்குதுடா"ன்னு அம்மா பண்ணின ரகளை தனிக் கதை. அந்த ஹெல்மெட்தான் அன்னிக்குக் காப்பாத்துச்சு. இடது மணிக்கட்டு எலும்பு விட்டுப் போச்சு. மீன்காரம்மாக்கள் ஓடி வந்து தூக்கி உட்கார வச்சு, தண்ணி குடுத்து, என்னைத் திட்ட வேண்டிய விதத்துல திட்டினாங்க. நான் வண்டியைத் தூக்கப் பார்த்தேன், அசையல. சீனிவாசபுரத்துப் பையன் ஒருத்தர், ஆறடி இருப்பார், படகு எஞ்சின் ரிப்பேர் பண்றவராம், வந்து ஒரே தம்முல நிமிர்த்தினார். முள்ளைப் பார்த்து, லீவரைப் பிடிச்சு, ஒரு உதை. டப்... டப்... டப். "நல்ல வண்டி சார்"னார். அந்த நேரத்துலயும் எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு, உண்மையைச் சொல்லிடறேன்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒரு நாள் ராத்திரி அம்மாவுக்கு சோறு பிசைஞ்சு குடுத்துக்கிட்டே, "அப்பா இருபது வருஷத்துக்கு மேல ஓட்டினார், ஒரு தடவை கூடக் கீழ போட்டதில்ல. எனக்குத்தான் துப்பில்லைம்மா"ன்னேன்.

அம்மா சிரிச்சாங்க. சிரிப்பு வந்த வேகத்துல கை வலிச்சு, அப்புறமும் சிரிச்சாங்க.

"உங்கப்பாவுக்கு மட்டும் கால் எட்டுச்சாக்கும்?"

எனக்குப் புரியல.

"பிளாட்பாரத்தை ஒட்டித்தான் நிறுத்துவாரு, பார்த்ததில்ல நீ? தரையில ஊன்ற எட்டாதுடா. பிளாட்பாரம் இல்லாத ரோட்டுல சிக்னல் விழுந்தா அந்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டும். செருப்புத் தைக்கிறவர்கிட்ட குடுத்து ஷூவுக்கு அடியில ஒரு இன்ச் ரப்பர் ஒட்டிப் போட்டுக்கிட்டாரு. உனக்கு அந்த ஷூ ஞாபகம் இல்ல?"

ஞாபகம் இருந்துச்சு. அது ஆபீசர் ஷூன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் கதை முழுக்க வந்துச்சு. அப்பா முதல்ல வச்சிருந்தது டி.வி.எஸ். 50. எங்க பெரிய மாமா போலீஸ், அவர் புல்லட்ல வருவார். ஒரு கல்யாணத்துல பத்து பேர் முன்னாடி, "மாப்ள பால்காரர் மாதிரி வந்து இறங்கறாரே"ன்னு கிண்டல் பண்ணியிருக்கார். அவ்வளவுதான். பி.எஃப்.ல லோன் போட்டு புல்லட். வாங்கின அன்னிக்கே அப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சு, இது நமக்கு இல்லைன்னு. ஆனா வித்தா மாமா என்ன சொல்வார்? அதுக்குள்ள நான் வேற தெருவுல "எங்கப்பா புல்லட் வச்சிருக்காரு"ன்னு தம்பட்டம் அடிச்சாச்சு.

"ஒரு நாள் ஆபீஸ்ல யாரோ ஹீரோ ஹோண்டா வச்சிருந்தாங்கன்னு வாங்கி ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தாரு. 'இறகு மாதிரி இருக்குடி'ன்னு ராத்திரி பூரா அதையே சொன்னாரு. அதை வாங்கிக்கங்களேன்னேன். 'பையன் என்ன நெனப்பான்'னுட்டாரு."

நான் கையில சோத்தோட அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா, "ஊட்டுடா, ஆறிப்போகுது"ன்னாங்க.

வண்டியை அந்த சீனிவாசபுரத்துக்காரருக்கே குடுத்துட்டேன். கொண்டு போறப்போ ரெண்டு காலையும் முழுசாத் தரையில வச்சு, முழங்காலைக் கொஞ்சம் மடிச்சுக்கூட உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருஷத்துல முதல் தடவையா அந்த வண்டி மேல ஒரு ஆள் வசதியா உட்கார்ந்ததைப் பார்த்தேன். இன்னிக்கும் சில ராத்திரி அந்த சத்தம் கேக்கும், எனக்கு அடையாளம் தெரியும்.

நான் வாங்கினது ஸ்ப்ளெண்டர். தம்பிமார் யாரும் முகத்தைச் சுளிக்காதீங்க. 1985-ல சி.டி. 100-னு வந்த அதே 97.2 சிசி எஞ்சின் வம்சம்தான் 1994-ல ஸ்ப்ளெண்டர் ஆச்சு. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிஞ்சு போயாச்சு, வண்டி மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு. சீட் உயரம் 785 மில்லிமீட்டர், எடை 112 கிலோ. அலாய் வீல் வச்சதாப் பார்த்து எடுத்தேன், துருப்பிடிக்க ஸ்போக்ஸ் இல்ல. முழு செயின் கவர் இருக்கறதால மணலும் உப்பும் செயினுக்குள்ள போறது குறைவு. குரோமியம் முடிஞ்ச வரைக்கும் கம்மி, கறுப்புப் பெயிண்ட் முடிஞ்ச வரைக்கும் அதிகம். ஷோரூம்லேர்ந்து வெளிய வந்து முதல் சிக்னல்ல ரோட்டு நடுவுல நின்னேன். பக்கத்துல பிளாட்பாரமே இல்ல. ரெண்டு குதிகாலும் தரையில. பின்னாடிக்காரன் ஹாரன் அடிக்கற வரைக்கும் பச்சை விழுந்தது தெரியல.

இதையெல்லாம் சொன்னா தம்பி கேட்டுக்குவானா? வாயால சொல்லாம, ஒரு சனிக்கிழமை ஷோரூமுக்கு நானும் கூடப் போனேன். பொதுவா என்ன பண்ணுவாங்க? ஏறி உட்கார்ந்து, ஹேண்டிலை ரெண்டு பக்கம் திருப்பி, கண்ணாடியில மூஞ்சியைப் பார்த்துட்டு இறங்கிடுவாங்க. நான் அவனை ஹிமாலயன் மேல உட்கார வச்சேன். சீட் உயரம் 825 மில்லிமீட்டர், எடை 196 கிலோ. உயரமான ஆளுக்கு அருமையான வண்டி, அதுல சந்தேகமே இல்ல. "இப்ப ஒரு கையையும் ஹேண்டில்லேர்ந்து எடுக்காம, உட்கார்ந்தபடியே நாலு அடி பின்னாடி தள்ளு"ன்னேன். நுனிக்கால் தரையைச் சுரண்டுச்சு, வண்டி நகரல. கடை வாசல் லேசான சரிவு, அவ்வளவுதான் காரணம். நம்ம ஊர்ல எந்த வாசல் சரிவில்லாம இருக்கு?

அப்புறம் ஹண்டர் 350. 2022-ல வந்த மாடல், 181 கிலோ. ஏறினதும் அவன் மூஞ்சியே மாறிடுச்சு. இங்க ஒரு விஷயம். காகிதத்துல போட்டிருக்கற சீட் உயரத்தை மட்டும் நம்பக் கூடாது. சீட் அகலமா இருந்தா தொடை விரிஞ்சு கால் குட்டையாயிடும். முன்பக்கம் ஒடுங்கின சீட் பத்து மில்லிமீட்டர் உயரமா இருந்தாலும் பாதம் நல்லாப் பதியும். உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும், அதுவும் தினமும் போடற செருப்போட. அப்பா மாதிரி ஷூவுக்கு ரப்பர் ஒட்டிட்டுப் போய்ப் பார்க்கக் கூடாது.

"சரி, பின்னாடி யாரு உட்காருவா?"ன்னு கேட்டேன். தம்பி காது சிவந்துச்சு. "அப்ப அவங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வந்து ஏத்தி இறக்கிப் பாரு. நீ பிடிக்கற பிடியில அவங்க சிரிச்சுக்கிட்டே ஏறணும்"னேன். இன்னும் முடிவு பண்ணல. இந்த சனிக்கிழமை ரெண்டு பேரும் போறாங்களாம். என்னைக் கூப்பிடல, நல்லவேளை.

அம்மாவுக்கு இப்ப எழுபத்தி நாலு. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கெல்லாம் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. நான் வண்டியை எடுத்து வர்றதுக்குள்ள, "சீக்கிரம் வாடா, நல்ல மீனெல்லாம் போயிடும்"னு ஒரு சத்தம். மார்க்கெட் வரைக்கும் வாய் ஓயாது. எந்த வீட்டுல பெயிண்ட் அடிச்சிருக்காங்க, யார் பொண்ணுக்கு எங்க பார்த்திருக்காங்க, எல்லா சமாச்சாரமும் என் காதுக்குப் பின்னாடி ஓடும். போன வாரம் வஞ்சிரத்தை விட்டுட்டு சங்கரா வாங்கினாங்க, அஞ்சு நிமிஷம் பேரம். திரும்பறப்போ கடல் காத்து எதிர்ல அடிச்சுது. ஒரு கை என் தோள் மேல, இன்னொரு கையில மீன் பை. கம்பியைப் பிடிக்கவே இல்ல.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன்டா"ன்னாங்க.